டே சர்ஜரி பிரிவுக்கு மாற்றலாகும் செவிலியருக்கு

பொது அறுவைச் சிகிச்சை வார்டில் 2 ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘என்னை டே சர்ஜரி பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் சின்ன ஆபரேஷன்தான், நோயாளி சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார், வேலை சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கற்ற வேலை மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பிரிவு எப்படி நடக்கிறது? போவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?’

பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தப் பிரிவிலேயே கழித்தவள் நான். அதனால் உங்கள் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். வேலை மறக்காது. வார்டில் மூன்று ஷிஃப்டுகள் சேர்ந்து பார்ப்பதை இங்கே நான்கைந்து மணி நேரத்தில் நீங்கள் ஒருவரே பார்த்து முடிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு அந்த நோயாளியை அவர் வீட்டில் உள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். வார்டில் இரவு ஷிஃப்ட் செவிலியர் செய்யும் வேலையை அன்றிரவு அந்த மனைவியோ மகனோ செய்யப்போகிறார். எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே ஓடிவர வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பிரிவில் செவிலியரின் தலையாய வேலை. மற்ற எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

‘சின்ன ஆபரேஷன்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். காலையில் வந்து, முறையான அறுவை அரங்கில் சிகிச்சை பெற்று, இரவு தங்காமல் அன்றே வீடு திரும்புவதுதான் டே சர்ஜரி. கண்புரை, குடலிறக்கம், டான்சில், மூட்டுக்குள் கருவி விட்டுப் பார்ப்பது, சுருள் சிரை, மார்பகக் கட்டி, கருப்பை உள்நோக்கி, லேப்பராஸ்கோப் மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியாகக் கருவி விட்டு, பித்தப்பை நீக்கம் எல்லாம் இதில் அடங்கும். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைகூடச் சில இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பதை வைத்து இதை முடிவு செய்வதில்லை. பிறகு பெரிய ரத்தப்போக்குக்கு வாய்ப்பு உண்டா, வலி மாத்திரைக்கு அடங்குமா, நோயாளி சீக்கிரம் எழுந்து வாய்வழியாகச் சாப்பிட முடியுமா என்பவையே கணக்கு.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கால் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் 10 ஆண்டுகளில் 8,988 அறுவைகளைச் செய்ததாக 1909-இல் அறிவித்தார். குடலிறக்கம், பிளவு உதடு, வளைந்த பாதம் போன்றவை. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தாயைப் பிரிந்து வார்டுக் கட்டிலில் அழுதுகொண்டு கிடப்பதைவிட, தாயின் கையில் இருக்கும் குழந்தை நன்றாகத் தேறும் என்பது அவர் கண்டது. அதில் என் மனதில் நிற்கும் செய்தி வேறு: அந்தக் குழந்தைகளைச் செவிலியர்கள் வீடுவீடாகப் போய்ப் பார்த்தார்கள். டே சர்ஜரி தொடங்கிய நாளிலேயே அதில் பாதி செவிலியர் வேலையாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகும் நெடுங்காலம் குடலிறக்க அறுவை செய்துகொண்டவர்களை நாள்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். எடின்பரோவில் பார்க்கர்சன் என்ற மருத்துவர் 485 பேருக்கு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து குடலிறக்கத்தைச் சரிசெய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1955-இல் எழுதினார். 1970-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் இதற்கென்றே தனி மையம் திறந்தார்கள். ஆனால் இந்த முறை உலகெங்கும் பரவ, 1980-களில் வந்த மூன்று மாற்றங்கள் தேவைப்பட்டன. சீக்கிரம் தெளிந்துவிடும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து, மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்காமல் சுவாசப் பாதையைக் காக்கும் லாரிஞ்சியல் மாஸ்க், சிறு துளைகள் வழியாகச் செய்யும் சாவித்துளை அறுவை. மயக்கம் தெளிவதும் காயம் சிறிதாவதும் அவற்றால் எளிதாயின. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

எனவே அறுவைக்கு முந்தைய மதிப்பீட்டில் தொடங்குகிறேன். பல இடங்களில் இதைச் செவிலியரே நடத்துகிறார், மயக்கவியல் மருத்துவர் பின்னால் இருக்கிறார். நாளை அறுவை அரங்கில் நடக்கக்கூடிய குழப்பங்களில் பெரும்பாலானவற்றை இங்கேயே பிடித்துவிடலாம். முன்பு ‘60 வயதுக்கு மேல் வேண்டாம், சர்க்கரை இருந்தால் வேண்டாம், எடை கூடினால் வேண்டாம்’ என்று வரையறை வைத்திருந்தார்கள். இப்போது வயதை மட்டும் வைத்து யாரையும் விலக்குவதில்லை. நோய் இருந்தாலும் அது கட்டுக்குள் நிலையாக இருக்கிறதா என்றே பார்க்கிறோம். சர்க்கரை நோயாளியைப் பட்டியலில் முதல் ஆளாகப் போட்டால் அவர் பட்டினி கிடக்கும் நேரம் குறையும், மதிய உணவுக்குள் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடுவார்.

கேட்க மறக்கக் கூடாதவை சில உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? இதற்கு முன் மயக்க மருந்தில் தொந்தரவு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா? மயக்க மருந்தால் உடல் சூடு திடீரென்று ஏறும் ஆபத்து சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். பல் ஆடுகிறதா? உரக்கக் குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதை யாராவது பார்த்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு நோயாளியிடம் பதில் இருக்காது, பக்கத்தில் படுப்பவரிடம் இருக்கும். மூச்சு நிற்கும் நோய் உள்ளவருக்கு மார்ஃபின் வகை வலிமருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வீட்டைப் பற்றிய கேள்வி. பொது மயக்கமோ மயக்க ஊசியோ பெற்றவருடன், பொறுப்பான பெரியவர் ஒருவர் முதல் 24 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. படிவத்தில் ‘வீட்டில் துணை உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் ‘உண்டு’ என்பார்கள். ஒருமுறை குடலிறக்கத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் ‘மனைவி இருக்கிறாள்’ என்றார், நான் டிக் போட்டுவிட்டேன். அறுவை முடிந்த மாலையில்தான் தெரிந்தது, அந்த அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர். அவரைத் தூக்கி உட்காரவைத்து, உணவு ஊட்டிக்கொண்டிருந்தவரே இந்தப் பெரியவர்தான். கவட்டையில் புதுத் தையலோடு அவர் எப்படித் தூக்குவார்? அன்றிரவு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆள் தேட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ‘ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி வந்தால் எழுந்து வரப்போவது யார்? அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உங்களை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பேன். கழிப்பறை மாடியிலா கீழேயா, தொலைபேசி இருக்கிறதா, அவசரம் என்றால் மருத்துவமனைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டினி விஷயத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் பலத்தை அறிந்துகொள்ளுங்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம். பால் கலந்த எதுவும் திட உணவுக் கணக்கில் சேரும். ஆனால் ‘நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் தொடாதே’ என்ற பழைய வழக்கம் எல்லோர் மனதிலும் ஊறிக்கிடக்கிறது. மதியம் 1 மணிக்கு அறுவை உள்ளவர் முதல் நாள் இரவிலிருந்து நாக்கு வறண்டு வந்து உட்கார்ந்திருப்பார். தலைவலி, நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்துவது, எழுந்து நின்றதும் மயங்குவது எல்லாம் இதனால் கூடும். ‘11 மணி வரை தண்ணீர் குடிக்கலாம், குடியுங்கள்’ என்று மணியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். ‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை.

அறுவை அன்று காலை நடப்பவற்றில் பெரும்பகுதி உங்களுக்குப் பழக்கமானதுதான். பெயர், கைப்பட்டை, ஒப்புதல் படிவம், ஒவ்வாமை, அறுவை செய்யும் பக்கத்தில் அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இங்கேயும் மூன்று கட்டமாக நடக்கும்: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன். ஒரு நாளில் ஒரே மாதிரி எட்டுக் கண்புரை, ஆறு குடலிறக்கம் என்று வரும் இடம் இது. ஒன்றுபோலவே இருப்பதால்தான் இடமும் வலமும் மாறிப்போகும். ஐந்தாவது நோயாளிக்கும் முதல் ஆளுக்குப் படித்ததைப் போலவே வாய்விட்டுப் படியுங்கள். நடக்க முடிந்தவர்கள் அரங்குக்கு நடந்தே போகட்டும், தள்ளுகட்டிலில் மல்லாந்து கூரை விளக்குகளைப் பார்த்தபடி போவதைவிட அது பயத்தைக் குறைக்கிறது. குழந்தை தூங்கும்வரை தாயோ தந்தையோ கூட இருக்கலாம் என்று பல மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. அப்படி இருந்தால், குழந்தை தூங்கியதும் வெளியே வரும் அந்தத் தாய்க்கும் ஒரு நாற்காலியும் ஒரு ஆளும் வேண்டும்.

அறுவை முடிந்தபின் மீட்சி இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் சுவாசப் பாதை, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு. இதற்கு 1970-இல் வந்த அல்ட்ரெட் மதிப்பெண் முறையைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள், 10-க்கு 9 வந்தால் அடுத்த அறைக்கு. இரண்டாம் கட்டத்தில் சாய்வு நாற்காலி, சொந்த உடை, குடிக்க ஏதாவது. வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க இன்னொரு மதிப்பெண் முறை உண்டு: நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, ரத்தக்கசிவு என்ற ஐந்துக்கும் தலா 2. அதிலும் 9 வேண்டும். மதிப்பெண்ணை மதியுங்கள், அதோடு உங்கள் கண்ணையும் நம்புங்கள். எல்லாம் சரியாக இருந்தும், காலையில் வாய் ஓயாமல் பேசிய பெண் இப்போது ஒன்றும் பேசாமல் சுருண்டு உட்கார்ந்திருந்தால் அவரை அனுப்பாதீர்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். காலையில் அவர் எப்படி இருந்தார் என்று நேரில் பார்த்தவர் அந்த அறையில் பெரும்பாலும் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

முதன்முறை எழுப்புவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், விழுவது அங்கேதான். தலைப்பக்கத்தை உயர்த்தி, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். பிறகு கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். முகத்தைப் பாருங்கள். உதடு வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பினால் அவர் ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னாலும் திரும்பப் படுக்கவையுங்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தவர் என்றால், கால் அசைகிறது என்பது மட்டும் போதாது. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்த முடிகிறதா, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரல் எந்தப் பக்கம் வளைகிறது என்று சொல்ல முடிகிறதா, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி திரும்பிவிட்டதா என்று பார்த்த பிறகே எழுந்து நிற்கவையுங்கள்.

எல்லோரும் சிறுநீர் கழித்துத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது தளர்ந்துவிட்டது. ஆனாலும் முதுகு ஊசி போட்டவர், குடலிறக்கம் அல்லது மூலம் அறுவை செய்துகொண்டவர், ஏற்கெனவே புரோஸ்டேட் தொந்தரவு உள்ள முதியவர் ஆகியோரிடம் கேட்காமல் விடாதீர்கள்.

திட்டமிடாமல் இரவு தங்க நேர்வதற்கு வலியும் வாந்தியும் முக்கியமான காரணங்கள். யாருக்கு வாந்தி வரும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். பெண், புகைக்காதவர், முன்பு அறுவைக்குப் பின் வாந்தி வந்தவர் அல்லது பஸ் பயணத்தில் வாந்தி எடுப்பவர், அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுபவர் என்ற நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால், தடுப்பு மருந்து கொடுக்காதபோது வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். அதைக் காலையிலேயே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் மாலை நிம்மதி.

வலியைப் பற்றி நோயாளிகளுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. வலித்தால் மாத்திரை போடலாம் என்று காத்திருப்பார்கள். காயத்தில் போட்ட மரப்பு ஊசியின் வேகம் இரவில் இறங்கும், அப்போது வலி ஒரேயடியாக ஏறும், மாத்திரை அதை எட்டிப்பிடிக்க வெகுநேரம் ஆகும். மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரை, பிறகு முதல் இரண்டு மூன்று நாள் மணி பார்த்து. பாராசிட்டமால் உள்ள வேறு மாத்திரையோடு சேர்த்து இரட்டிப்பாகப் போடாதிருக்கவும் சொல்லுங்கள். கைக்கு நரம்புத் தடுப்பு ஊசி போட்டவருக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அந்தக் கை பல மணி நேரம் அவருடையதாகவே இருக்காது. சூடான பாத்திரத்தின் மேல் பட்டுக் கொப்புளம் எழும்வரை உணராமல் இருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தூளிக்கட்டுப் போட்டு அனுப்புங்கள், சூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், உறங்கும்போது கையை உடலுக்கு அடியில் போட்டுக்கொள்ளாமல் தலையணை மேல் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தலையாய வேலை. மயக்கம் தெளிந்தவர் தலையாட்டுவார், சிரிப்பார், ‘சரி சிஸ்டர்’ என்பார். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. அதனால் துணைக்கு வந்தவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள், பிறகு ‘வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்’ என்று அவர் வாயால் கேளுங்கள். ‘அதிகமாக ரத்தம் வந்தால் வாருங்கள்’ என்பது ஒரு செவிலியருக்குப் புரியும். வீட்டில் உள்ளவருக்கு எது அதிகம்? நான் கிளம்பும் முன் கட்டின்மேல் தெரியும் கறையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மணியை எழுதிவிடுவேன். ‘கறை இந்தக் கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனால் கூப்பிடுங்கள்.’ அதன்பிறகு அவருக்குச் சந்தேகம் இருப்பதில்லை.

டான்சில் எடுத்த குழந்தையின் தாயிடம், ரத்தம் வாய்வழியாக வெளியே வந்தால்தான் ஆபத்து என்று நினைக்கவிடாதீர்கள். தூங்கும் குழந்தை திரும்பத் திரும்ப எச்சில் விழுங்கினால், உள்ளே கசியும் ரத்தத்தை விழுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். எழுப்பி, விளக்கு வெளிச்சத்தில் தொண்டையைப் பார்த்து, உடனே புறப்பட வேண்டும். ஒரு வாரம் கழித்தும், பெரும்பாலும் 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள், ரத்தம் வரக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பது சீழ் இல்லை, ஆறும் புண் அப்படித்தான் தெரியும். லேப்பராஸ்கோப் அறுவைக்குப் பின் தோளில் வலித்தால் அது வயிற்றில் செலுத்திய வாயுவால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நள்ளிரவில் மாரடைப்பு என்று பதறுவார்கள். ஆனால் நெஞ்சு அழுத்தமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பலர் சொல்ல மறக்கும் ஒன்று உண்டு. தசைத் தளர்வை மீட்க சுகமாடெக்ஸ் என்ற மருந்து கொடுத்திருந்தால், கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம், 7 நாளுக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். மயக்க மருந்துக் குறிப்புத் தாளைப் பார்க்காமல் இதை அறிய முடியாது. வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பவற்றைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு வலியுறுத்துங்கள்.

சிலரை அனுப்ப முடியாமல் போகும். வாந்தி நிற்காது, வலி அடங்காது, வருவதாகச் சொன்ன மகன் வரமாட்டான். மாலை 6 மணிக்குப் பிரிவை மூட வேண்டும், படுக்கைக்காக வார்டில் கெஞ்ச வேண்டும், எல்லோர் முகமும் உங்கள் பக்கம் திரும்பும். அப்போது ‘இவர் இன்று போகக் கூடாது’ என்று சொல்லத் துணிவு வேண்டும். அதைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. சொல்லாமல் விட்டு, மறுநாள் காலைவரை தூக்கம் வராமல் கிடந்த இரவு ஒன்று உண்டு.

மறுநாள் காலைத் தொலைபேசி அழைப்பை, நேரம் இருந்தால் செய்யும் வேலையாக நினைக்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறீர்களா’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற பதில்தான் வரும். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள், சிறுநீர் போனதா, இப்போது எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள், காயக்கட்டின்மேல் போட்ட கோட்டைக் கறை தாண்டியதா என்று கேளுங்கள். பிறகு ‘ராத்திரி கூட இருந்தவரிடம் கொஞ்சம் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். ‘ஒன்றும் இல்லை சிஸ்டர்’ என்று நோயாளி முடித்துக்கொண்ட பிறகு, ‘விடியற்காலையிலிருந்து இரண்டு முறை உடம்பு நடுங்கியது’ என்று மனைவி சொல்லி, அன்றே வரவழைத்துக் காய்ச்சலைப் பிடித்த அனுபவம் எனக்கு இருக்கிறது.